வெளுத்த கண்

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். கண் டாக்டர், நாற்காலியில் ராகவி, அவளுடைய தாய் புஷ்பவதி, தகப்பன் தியாகலிங்கம், யாரும் கூப்பிடாமலே கூட வந்த வருங்கால மாமியார் கமலேஸ்வரி.

டாக்டர் ராகவியின் வலது கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்.

விழியின் முன்படலத்தில் வைரஸ் புண். மரக்கொப்பைப் போலக் கிளைவிட்டு நடுப்பகுதிவரை போயிருந்தது.

நாளுக்கு ஐந்து தடவை களிம்பு, கூடவே விழுங்கக் குளிசை. தழும்பு விழும். பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது.

வீட்டில் வேறு ஏதும் சொட்டு மருந்து விட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். ஸ்டீராய்டு சொட்டு என்றால் வெளியே சிவப்புப் போய்க் கண் வெளுக்கும், உள்ளே வைரஸ் கொழுக்கும். அது தெரிந்தால்தான் வைத்தியத்தைச் சரியாகத் தீர்மானிக்கலாம்.

இல்லை என்றாள் ராகவி, தகப்பனைப் பார்க்காமல்.

கமலேஸ்வரி புஷ்பவதியின் காதருகே குனிந்தாள். எல்லோருக்கும் கேட்டது.

"நிச்சயதார்த்தத்தண்டு பிள்ளையின்ர கண்ணால தண்ணி ஓடினதை நான் கண்டனான் அக்கா. மாப்பிள்ளையைப் பிடிக்காட்டி முதலே சொல்லியிருக்கலாமே."

தியாகலிங்கத்தின் முதுகு நிமிர்ந்தது. அவர் வீட்டுப் பெண்ணைப் பற்றி அதுவரை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

அப்படி ஒருவரும் சொல்லக்கூடாது என்றுதானே எல்லாம் செய்தார். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு அவள் கண் சிவந்தபோது, அவர் கிளினிக்குக்குப் போக விடவில்லை. நாம் இருக்கிற பாபடோயிட்டோயில் எந்தக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்தில் நம்முடைய சனம். கண்ணில் குறையுள்ள பெட்டை என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி அன்றே போய்விடும்.

வீட்டில் விட்ட சொட்டில் கண் வெளுத்தது. படங்கள் எல்லாம் அழகாக வந்தன.

அவர் கை கோட்டுப் பைக்குள் போனது.

"அப்பா, டோன்ட்," என்றாள் ராகவி.

அவர் ஒரு சின்னப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் அதைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டை வாசித்தார்.

கல்யாணம் நின்றுபோனது. விருப்பமில்லாத பெட்டை அழுதழுதே கண்ணைக் கெடுத்துக்கொண்டாள் என்று பக்கத்து ஊரான ஒடாஹுஹுவின் தமிழ்க் கடைகளில் இன்னும் கதைக்கிறார்கள்.

பொய். ராகவி அழவில்லை. நிச்சயதார்த்த மண்டபத்து வெளிச்சம் புண்பட்ட கண்ணைக் குத்தியதில் தண்ணீர் ஓடியது. அந்தச் சொட்டு, போன வருடம் தியாகலிங்கத்தின் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த மருந்தின் மிச்சம். சீட்டில் அவருடைய முழுப்பெயர் இருந்தது.