நடுங்காத கை

"டாக்டரம்மா, பொம்பளைங்களுக்குக் கை நடுங்கும். இன்னிக்கும் பிளேனக் கீழ போட்டுட்டு அழப்போறீங்க," என்றார் மாடல் விமானக் கிளப்பின் செயலாளர். வருஷா வருஷம் கோப்பை அவர் வீட்டுக்குத்தான் போகும்.

"பல்லு புடுங்குற கை சார் இது," என்றாள் பல் டாக்டர்.

பலகையில் இருந்த நாலாம் சேனல் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டாள். செயலாளருக்கும் அதே சேனல்தான். கிளிப் ஒருவரிடம் இருக்கும்போது மற்றவர் ரிமோட்டைப் போடக் கூடாது. போட்டால் பறக்கிற விமானம் தலைகுப்புற விழும்.

"போன வருஷமும் விழுந்துச்சே, அதுக்கு முந்தியும்?" என்றார் செயலாளர்.

"அதான் திரும்பவும் வந்திருக்கேன்."

ரிமோட்டின் நீள ஆன்டெனாவை இழுத்துவிட்டு விமானத்தை ஏற்றினாள். அது ஒரு பிசகும் இல்லாமல் கரணமடித்தது. கடைசிச் சுற்று தொடங்கியதும் செயலாளர் மெல்லத் தன் காருக்குப் பின்னால் நழுவினார்.

விமானம் நேராகப் பறந்தது.

காருக்குப் பின்னால் ஸ்விட்ச்சைத் திரும்பத் திரும்பத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எத்தன தடவ போட்டாலும் விழாது சார். நான் புது அலைவரிசைக்கு மாறிட்டேன். இதுக்குக் கிளிப்பும் வேண்டாம், நீள ஆன்டெனாவும் வேண்டாம்."

மொத்த மைதானமும் திரும்பிப் பார்த்தது. செயலாளர் ரிமோட்டும் கையுமாக நின்றார்.

"அப்புறம் எதுக்குக் கிளிப்ப எடுத்தே? இவ்ளோ நீள ஆன்டெனா எதுக்கு?"

"நீங்க நம்பணும்ல?"

விமானத்தை அவர் காலடியில் இறக்கிவிட்டுச் சொன்னாள்.

"இப்பப் பாருங்க, யாரு கை நடுங்குதுன்னு."