காலை ஐந்திலிருந்து எட்டு வரை

சுவைக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று படிவத்தைப் பார்த்தபடியே ஆய்வு மாணவி கேட்டாள்.

"அஞ்சுமே போட்டுக்குங் கண்ணு. எலுமிச்சங்கா சோடா கணக்கா நல்லாத்தான் இருந்துச்சு."

இதுவரை யாரும் ஐந்து கொடுத்ததில்லை. நூற்றுப் பதினோரு பேர். உப்புக் கரிக்கிறது என்றார்கள். குமட்டுகிறது என்றார்கள். ஒருவர் டம்ளரை மருமகள் மேல் எறிந்திருந்தார்.

ஐந்து கொடுத்தவள் பெயர் மயிலாத்தாள். பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறாள்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் முன் அதைக் கழுவ இரண்டு பொடிகள். எது நன்றாகக் கழுவுகிறது என்பதுதான் ஆய்வு. மயிலாத்தாளுக்கு வந்தது இரண்டாவது பொடி. காலை ஐந்து மணிக்குக் குடிக்கத் தொடங்கி, எட்டுக்குள் முடித்து, எல்லாம் வெளியேறிய பிறகு மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அந்த நேர அட்டவணையை எழுதியவள் மாணவிதான்.

இன்று கேமராக் குழாய் ஒரு சாண்கூட உள்ளே போகவில்லை. திரை முழுக்கப் பழுப்பு. டாக்டர் கையுறையைக் கழற்றி வாளியில் போட்டார்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லியும் குடிக்காம வந்து படுத்துக்கறாங்க. வேற தேதி போட்டு அனுப்பு."

மயிலாத்தாளுக்கு ஏழு மாதமாக மலத்தோடு ரத்தம் போகிறது. ஒன்பது கிலோ குறைந்திருக்கிறாள்.

"எவ்வளவுதாம்மா குடிச்சீங்க?"

"ரெண்டு டம்ளருங். அதுக்கே அடிவயிறு கலக்கிருச்சு. மிச்சத்தக் கீழ ஊத்திப்போட்டேன்."

ஏன் என்று கேட்டாள்.

மயிலாத்தாள் சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"லைன் வீடுங் கண்ணு. பதினோரு குடித்தனம். ஒரே கக்கூஸு. அஞ்சு மணிக்கெல்லாம் பக்கெட்டு வரிசையில நிக்கும். புள்ளைக பள்ளிக்கூடம் போவோணும், ஆளுக வேலைக்குப் போவோணும். நான் ரெண்டு தடவ போனதுக்கே, 'என்னக்கா, உள்ளயே குடி வந்துட்டியா'ன்னு கதவத் தட்டறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

படிவத்தில் அடுத்த கேள்வி, முழுவதும் குடிக்காததற்கான காரணம்: சுவை. குமட்டல். வாந்தி. வயிற்று உப்புசம்.

எதையும் குறிக்காமல் படிவத்தைத் திருப்பி வைத்தாள். எழுந்து டாக்டரிடம் போனாள். மயிலாத்தாளை முந்தின நாளே வார்டில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

அவர் நிமிரவில்லை.

"ஆபரேஷன் ஆனவங்களே தரையில படுத்திருக்காங்க. கக்கூஸ் போறதுக்கு பெட்டு கேக்கறியா?"

 

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை ஓர் இடம் காலியாக இருந்தது. முதல் பொடியைத் தரலாம். ஆனால் கேமரா அறை காலையில் மட்டும்தான் திறக்கும். எந்தப் பொடியானாலும் அதே மூன்று மணி நேரம்.

"வியாழன் வேண்டாங் கண்ணு. பரீட்ச முடிஞ்சு லீவு விட்டா, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு அல்லாரும் ஊருக்குப் போயிருவாங்க. லைனே வெறிச்சுன்னு கெடக்கும். அப்பப் பாத்துத் தேதி போட்டுக் குடு."

நாட்காட்டியில் பிப்ரவரி.

ஒரு தாளைத் திருப்பினாள். இன்னொன்று. இன்னொன்று.

மே மாதம் ஆறாம் தேதியில் விரலை வைத்தாள். எடுத்தாள்.

"அத்தன நாள் தள்ளக் கூடாதும்மா."

"தெரியுங் கண்ணு," என்றாள் மயிலாத்தாள். "நீ எழுது."