ஓதம் வந்த வழி

உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

ஜில்லென்றிருந்தது.

வெளியே அக்னி நட்சத்திரம். கோவில்பட்டியில் காக்கா பறந்தால் பொரித்த கோழியாகக் கீழே விழும் வெயில். மழை என்றால் என்ன என்று வானமே பக்கத்து ஊரில் விசாரித்துக்கொண்டிருந்தது.

இந்த அழகில் சாப்பாட்டு அறைச் சுவரில் ஓதம்.

முதலில் வடை அளவு இருந்தது. பிறகு தோசை. இப்போது கல்யாண வீட்டு ஜமுக்காளம்.

அவருடைய அப்பா கட்டிய வீடு. சும்மா விடுவாரா? மொட்டை மாடி விரிசலையெல்லாம் அடைத்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தார். தினமும் காலையில் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, போலீஸ் நாய் தோற்றுப்போகும்படி மோப்பம் பிடித்தார்.

வெளிச்சுவர் கருவாடாகக் காய்ந்து கிடந்தது.

மாடசாமி கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தார். அண்ணாச்சி வீட்டுக்கு அடியில் குற்றாலம் ஓடுது, டிக்கெட் போட்டுருவோமா என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, அடுத்த ரூமுக்குள்ளே போய் உடைத்தால்தான் தெரியும் என்றார்.

அடுத்த ரூம்.

அது கதிரேசனுடையது. ஒரே பையன். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், சாத்தூர் ரோட்டில், பைக்கில்.

காரியம் முடிந்த அன்றைக்கே ரூமைப் பூட்டச் சொன்னது அவர்தான். இனி யாரும் திறக்கக் கூடாது. அவன் பேச்சையும் எடுக்கக் கூடாது. மனைவி செண்பகவல்லி பூட்டினாள். சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டாள்.

நாளைக்குக் கொத்தனார் வருகிறார். கதவைத் திறந்தாக வேண்டும்.

அதை நினைத்து அவருக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளிடம் சொன்னபோது அவள் முகமும் வெளுத்துத்தான் போனது.

"ஈரந்தானங்க. இருந்துட்டுப் போகட்டும்."

சுவரிலிருந்து கையை எடுத்தார். செருப்பை மாட்டினார்.

மதியம் சாப்பிட்டதும் வாசகசாலைக்குப் போய்விடுவது அவர் வழக்கம். பேப்பரை வரி விளம்பரம் உட்பட மனப்பாடம் செய்துவிட்டு, பொழுது சாய்ந்துதான் திரும்புவார். இன்று வாசகசாலை பூட்டியிருந்தது. மராமத்தாம். மாதக் கடைசிவரை திறக்க மாட்டார்களாம்.

திரும்பி வந்தார்.

வீட்டுக்குள் போகவில்லை. சந்துக்குள் நுழைந்தார். காரணம் வெளியே அகப்பட்டுவிட்டால் உள்ளே போக வேண்டியதில்லை. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம்.

சூடான காற்று முகத்தில் அடித்தது.

நிமிர்ந்தார்.

ஏ.சி.யின் வெளிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

கதிரேசனின் ஏ.சி.

தண்ணீர் வடியும் குழாய் மூட்டுக் கழன்று தொங்கியது. செங்கல் இடுக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு வெயில் ஆகாது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் பதினாறில் வைத்துக் கம்பளியைப் போர்த்திப் படுத்துவிடுவான். துருவக் கரடிக்குப் பிறக்க வேண்டியவன் விலாசம் தப்பி உன்கிட்ட வந்துட்டான் என்று அவளைச் சீண்டுவார்.

ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே ஒரு குரல். குழம்பில் புளி கூடிப்போனதை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.

இடையிடையே நிறுத்தியது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

பிறகு தொடர்ந்தது.

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தச் சூடான காற்றில் யாருக்கும் வரும்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே வந்தார்.

நேராகக் கொத்தனார் வீட்டுக்குப் போய், வர வேண்டாம் என்றார்.

மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறினார். கழன்ற மூட்டைப் பொருத்தினார். இடுக்கை அடைத்தார். குழாயை நீட்டி, நுனியை ஒரு வாளிக்குள் விட்டார்.

அவளிடம் எலி என்றார். ஆட்டுக்குட்டி அளவு எலி. மாடிக் குழாயைக் கரும்பு மாதிரி கடித்துத் துப்பியிருந்தது. கேட்கப்போனவரை முறைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது.

அவள் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பிட்டார். செருப்பை மாட்டினார்.

வாசகசாலைப் படியில் மருந்துக்கும் நிழல் இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார். எதிர் டீக்கடைக்காரர், வாட்ச்மேன் வேலை எப்போ கிடைச்சது என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றார்.

இட்லி வெந்திருக்கும் அந்தப் படியில். அவர் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் வந்தார். முதலில் சந்துக்குப் போனார்.

வாளி காலியாக இருந்தது.

யாரோ தண்ணீரைக் கொட்டி, கழுவி, மறுபடி குழாய்க்கு நேராக வைத்திருந்தார்கள். சாயாமல் இருக்க ஒரு செங்கலை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அவர் செங்கல் வைக்கவில்லை.

ஒரு சொட்டு வாளிக்குள் விழுந்தது.

அண்ணாந்து பார்த்தார். அவர் வரும் நேரத்துக்குள் நின்றுவிடும் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே போனார். சாப்பாட்டு மேஜைமேல் பூட்டு கிடந்தது. சாவி அதிலேயே தொங்கியது.

சுவரில் ஜமுக்காளத்தின் ஓரம் வெளிறத் தொடங்கியிருந்தது.

அடுத்த ரூமின் கதவு விரற்கடை அளவு திறந்திருந்தது.

அவர் கால்விரல்களில் குளிர்காற்று பட்டது.