கருங்கோட்டைக்குப் போகும் வழி

“மழுப்பாதை, அண்ணை! மூண்டு கூட்டமும் சந்தியிலை வந்து நிக்குது. நீ எதோடை சேரப்போறாய்? இப்பவே சொல்லு!”

அடுப்படியில் பராசக்தி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். பாதித் தேங்காயைப் போட்டது போட்டபடி கூடத்துக்கு ஓடி வந்தாள்.

அப்பாடா! மகள் நளாயினியும் மகன் கேதீஸும் நிலத்தில் குந்தியிருந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நளாயினி தானே யோசித்துக் கண்டுபிடித்த விளையாட்டு அது. மருதனார்மடப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதிலிருந்து பள்ளிக்கூடம் பூட்டு. பெட்டைக்கு வேறு என்ன வேலை?

கருங்கோட்டையில் ஒரு மந்திரவாதி ராசா. சனங்களின் குரலையெல்லாம் பிடுங்கிக் குடத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறான். அவனை விழுத்த மலைக்கூட்டம், காட்டுக்கூட்டம், கடற்கூட்டம் என்று மூன்று கிளம்பியிருக்கின்றன. ராசாவில் இருக்கிற கோபத்தைவிட ஒன்றில் ஒன்றுக்கு இருக்கிற கோபம்தான் கூட. சின்னப் பெட்டைக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று பராசக்தி கேட்கவில்லை. இயக்கங்கள் தங்களுக்குள் அடிபடுகிறது றோட்டில் இறங்கினால் தெரிகிற சங்கதிதானே.

கேதீஸின் வீரன் ஒரு சட்டைப் பொத்தான். இப்போது அது சந்தியில் நின்றது. வீட்டுக்குத் திரும்புகிற வழியை நளாயினி வெண்கட்டியால் கீறியிருந்தாள். கோட்டைக்குப் போகிற வழி செங்கல் துண்டால் கீறிய சிவப்பு.

“அம்மாவும் இருங்கோ. நீங்கள்தான் மந்திரக்காரி. அண்ணையின்ரை ஆளுக்குக் காயம், சோழியைப் போடுங்கோ. குப்புற விழுந்தால் ஆள் செத்தான்.”

பராசக்தி போட்டாள். சோழி குப்புறத்தான் விழுந்தது. எழும்புகிற சாட்டில் கால் விரலால் மெல்லப் பிரட்டிவிட்டாள்.

“அம்மா அளாப்புறா! காலாலை தட்டினதை நான் கண்டனான்!”

“விடடி. அவ அளாப்பாமல் விட்டாத்தான் புதுமை,” என்று கேதீஸ் சிரித்தான். “என்னைச் சாக விடுவாவே?”

அந்தச் சிரிப்பு பராசக்திக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வளவு மார்க்கண்டுவின் மகனும் போன கிழமை தாயோடு இப்படித்தான் சிரித்துக் கதைத்துவிட்டு இயக்கத்துக்குப் போனவன். சைக்கிள் மட்டும்தான் வீட்டுக்கு வந்தது. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்புக் கடையோடு புருசனை எரியக் கொடுத்தவள் பராசக்தி. இவனையும் கொடுக்க அவளிடம் தெம்பில்லை.

“இந்த வழியைப் பாக்கிறதுக்குச் சோழி வேண்டாம்,” என்றான் கேதீஸ். “கோயிலிலை செய்யிற மாதிரி பூக்கட்டிப் பாப்பம். ஒரு பேப்பர்ச் சரையிலை வெள்ளைப் பூ, மற்றதிலை சிவப்பு. அம்மா கட்டித் தரட்டும். அம்மாவின்ரை கையாலை வராமல் என்ரை ஆள் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டான்.”

“சட்டம் ஞாபகம்தானே?” நளாயினி விரலை ஆட்டினாள். “எந்தப் பூவுக்கு எந்த வழியெண்டு மனசுக்குள்ளை நினைச்சுக்கொண்டு எடு. பிரிச்சாப் பிறகுதான் சொல்லவேணும். முதலே சொன்னால் மந்திரம் பலிக்காது.”

கேதீஸ் தலையாட்டினான். அவன் பார்வை பொத்தானில் இல்லை, வாசல் படலையில் இருந்தது. பெற்றவளுக்கு இது விளங்காதா? விளையாட்டென்ற பெயரில் பிள்ளை சாமியிடம் கேட்கிற கேள்வி வேறு.

முற்றத்துக்குப் போய் வெள்ளை அலரியிலும் சிவப்பு அலரியிலும் பூப் பறித்தாள். மகள் பார்க்கிறாளே என்று ஒரு சிவப்பும் பறித்தாள், அவ்வளவுதான். கிணற்றடி மறைவில் நின்று அதை மடிக்குள் செருகிவிட்டு, பேப்பரைக் கிழித்து இரண்டு சரையிலும் வெள்ளையையே வைத்துச் சுற்றினாள். வெள்ளை வீட்டு வழி. எதை எடுத்தாலும் பிள்ளை வீட்டில்தான்.

‘அம்மாளாச்சி, உன்ரை பேரிலை அளாப்பிறன். தண்டனையை எனக்குத் தா, அவனுக்கு வேண்டாம்.’

சாமிப் படத்துக்கு முன்னால் இரண்டு சரையையும் குலுக்கிப் போட்டாள். கேதீஸ் கண்ணை மூடிக் கும்பிட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

வெள்ளை.

“ஐயோ, அண்ணையின்ரை ஆள் வீட்டை வாறான்! விளையாட்டுப் போச்சு!” என்று நளாயினி சிணுங்கினாள். பராசக்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. இரவைக்கு அவனுக்குப் பிடித்த ஒடியல்கூழ் காய்ச்சவேண்டும் என்று நினைத்தாள்.

கேதீஸ் சிரிக்கவில்லை. பூவைக் கண்ணில் ஒற்றிக் காற்சட்டைப் பையில் வைத்தான். குனிந்து தாயின் காலைத் தொட்டான்.

“வெள்ளை வந்தால் போறதெண்டுதான் நினைச்சனான், அம்மா.”

“என்னடா சொல்லுறாய்? வெள்ளையெண்டால் வீடெல்லோ!”

“மனசுக்குள்ளை நினைக்கிறதுதானே அம்மா சட்டம்.”

அவன் கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டான். படலைக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை ஒரு தரம் அடித்தார்கள்.  பராசக்தி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போகாதை ராசா! அது சாமி சொன்னதில்லையடா. மற்றச் சரையையும் பிரிச்சுப் பார்! நான் அளாப்பிப்போட்டன்!”

கேதீஸ் அந்தச் சரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. தாயின் விரல்களை ஒவ்வொன்றாய் மெல்லக் கழற்றினான்.

“அதுக்குள்ளையும் வெள்ளைதான் இருக்குமெண்டு எனக்கு முதலே தெரியும், அம்மா.”