எண்ணெய்த் தழும்பு

"உங்க கையெல்லாம் ஏன் பெரியம்மா இப்படிச் சுருங்கிக் கிடக்கு?"

ஐந்து வயதில் மருதையன் கேட்டதற்கு, "இறால் வாடா பலகாரம் பொரிக்கையில எண்ணெய் கொட்டிருச்சுப்பா" என்றாள் பக்கத்து வீட்டு சஃபியா.

இன்று, வயலோரம் கருகிக் கிடந்த அவன் டிராக்டரைப் பார்த்து அழுதாள்.

"வைக்கோல்லதானே தீப்பிடிச்சுது? டிரெய்லரைக் கழட்டி விட்டிருந்தா டிராக்டராவது மிஞ்சிருக்குமே! இனி பொழைப்புக்கு என்னடா செய்வே?"

"பாலத்துக்கிட்ட கரண்டு கம்பி உரசிடுச்சு பெரியம்மா. பதட்டத்துல தோணல."

"வயல் வரைக்கும் ஓட்ட மட்டும் தோணிச்சாக்கும்!"

அவன் குனிந்து டிரெய்லர் கொக்கியில் படிந்த சாம்பலைத் தட்டினான்.

கம்பி உரசியது பாலத்தருகே அல்ல, அவளுடைய கூரைவீட்டு வாசலில். உள்ளே அவள் மதியத் தூக்கத்தில் இருந்தாள். கொக்கியைக் கழற்றப் போன கையை எடுத்துக்கொண்டு அவன் மறுபடி வண்டியில் ஏறியதை, படைத்தவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

எரியும் குடிசைக்குள் புகுந்து தூளியோடு அவனை அள்ளி வந்த கைகள் அவளுடையவை. அம்மா சாகும்போது சொல்லித்தான் அவனுக்கே தெரியும்.