படிக்காதவர்கள் விடைபெறலாம்

டிரையல் ரூமின் தாழ்ப்பாளை உள்ளே இருந்து சத்தமில்லாமல் போட்டாள் தையல்காரி. கண்ணாடியைப் பார்த்து முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கிவிட்டு, போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"உள்ள யாரு கூட பேசப் போற?" வெட்டுமேசையிலிருந்து கணவன் குரல் கொடுத்தான்.

"யாரும் இல்லைங்க. ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடாதீங்க!"

கள்ளத்தனம் எல்லாம் ஒன்றுமில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த நூலகத்துப் பெண் நடத்தும் இணைய வாசிப்புக் குழுவில் போன மாதம்தான் சேர்ந்திருந்தாள். யதார்த்தவாதத் தத்துவம். நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் பொருள் அது பாட்டுக்கு இருக்கும், அதை உள்ளபடி பார்க்கணும் என்று அந்தப் பெண் சொன்ன விதம் இவளுக்குப் பிடித்துப் போயிற்று. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்குப் பள்ளிக்கூடமே திரும்பக் கிடைத்த சந்தோஷம்.

அதற்குத்தான் இன்று ஆபத்து. குழுவில் அறிவிப்பு வந்திருந்தது: 'மூன்றாம் பாடத்தைப் படிக்காமல் வருகிறவர்கள் இன்றோடு விடைபெறலாம். இடத்துக்குப் பலர் காத்திருக்கிறார்கள்.'

படிக்காமல் என்ன? போனில் வந்த இருபத்திரண்டு பக்கத்தையும் மூன்று தடவை படித்தாள். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, எண் போட்டு அழகாகத்தான் இருந்தது. எல்லா வரியும் புரிந்தது. அதுதான் உறுத்தியது. போன இரண்டு பாடத்திலும் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் தலை சுற்றியதே, இது மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக இருக்கும்? உள்ளே இருக்கிற தத்துவம் நம் மரமண்டைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

திரையில் ஒன்பது முகங்கள். கல்லூரிப் பேராசிரியர் முதலில் தொண்டையைச் செருமினார்.

"ஆசிரியர் ரொம்ப நுட்பமா எழுதியிருக்கார். பொருளுக்கும் அறிவுக்கும் உள்ள உறவை இதைவிட ஆழமா சொல்ல முடியாது."

"எனக்கு அந்த மூணாவது வாதத்துல மட்டும் உடன்பாடு இல்ல," என்றார் வக்கீல்.

"நான் ரெண்டு நாளா தூங்கலைங்க. அப்படியே ஆளை உலுக்கிடுச்சு," என்றார் பல் டாக்டர்.

வழக்கமாகக் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கும் நூலகத்துப் பெண் இன்று "சரி... சரி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். தையல்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டூல் நுனிக்கு வந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

கதவு தட்டப்பட்டது. "பேன்ட் போட்டுப் பாக்கணுமாம், ஆள் நிக்குது. கதவைத் திறடி!"

"அவரைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க!"

நெட் போய்விட்டது என்று சொல்லி ஓடிவிடலாமா என்று யோசிக்கும்போதே போனில் குரல் வந்தது.

"அக்கா, நீங்க சொல்லுங்க."

மாட்டிக்கொண்டாள். மற்றவர்கள் மாதிரி நாலு பெரிய வார்த்தை எடுத்துவிடலாம்தான், வாய் வரவில்லை.

"எனக்கு அதுல தத்துவமே தெரியலம்மா. துணியைப் போடு, மூடியைச் சாத்து, தண்ணிக் குழாயைத் திற, ஈரக் கையோட ஸ்விட்சைத் தொடாதே... இவ்ளோதான் இருந்துச்சு. ஏதோ உதாரணம்னு நினைச்சு மூணு தடவை படிச்சேன், சத்தியமா."

பேராசிரியர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் உருவகம்மா. மேலோட்டமா படிச்சா அப்படித்தான் தெரியும்."

மற்றவர்களும் சிரித்தார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. கண் கலங்க, சிவப்புப் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனாள்.

"இருங்கக்கா, போயிடாதீங்க," என்றாள் நூலகத்துப் பெண். "போன வாரம் அவசரத்துல நான் தப்பான ஃபைலை அனுப்பிட்டேன். அது எங்க வீட்டு வாஷிங் மெஷினோட கையேடு. மறுநாள்தான் பாத்தேன். யாராவது ஒருத்தராவது கேப்பீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் காத்துட்டிருந்தேன்."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல் டாக்டரின் கேமரா மெதுவாக அணைந்தது.

"அடுத்த வாரம் நாம ரெண்டு பேர்தான்க்கா."