முதல் பேஸுக்கு ஒருத்தி

"பேண்ட் போடாதவ மைதானத்துல கால் வைக்கக் கூடாது. கிழிஞ்ச பேண்ட்டும் பேண்ட் இல்ல. போ, போ!"

காலையிலேயே இரண்டு பெண்களை விரட்டிவிட்டார் உத்திராபதி சார். ஒருத்தி பாவாடையில் வந்தவள். இன்னொருத்தி முழங்காலில் கிழிசலோடு வந்தவள். இரண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டே போயின.

பாண்டிச்சேரி சாஃப்ட்பால் அணிக்குக் காரைக்காலிலிருந்து பெண்களைப் பொறுக்கி அனுப்பும் பொறுப்பு அந்த எண்பத்து நாலாம் வருஷம் அவர் தலையில் வந்து விழுந்திருந்தது. பொறுப்பு வந்தால் சில பேருக்கு மீசை தானாக முறுக்கிக்கொள்ளும். அவர் அந்த ரகம்.

"பேண்ட்டுக்கு இதுங்க எங்க சார் போவும்?" என்றார் கூட இருந்த கல்யாணசுந்தரி டீச்சர்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் டீச்சர்."

மற்ற இடத்துக்கெல்லாம் ஆள் தேறிவிட்டது. இழுபறி முதல் பேஸுக்குத்தான். அடித்துவிட்டு ஓடி வருகிறவள் தரையிலிருக்கும் பேஸ் திண்டைத் தொடுவதற்குள், மற்றவர்கள் வீசும் பந்தை அங்கே நிற்கிறவள் பிடித்தாக வேண்டும். தாறுமாறாக வந்தால் விழுந்து புரண்டாவது பிடிக்க வேண்டும்.

அதற்கு அல்லி, நீலாயதாட்சி என்று இரண்டு பேர் போட்டி. இரண்டும் தலத்தெருப் பெண்கள், பள்ளியில் ஒரே பெஞ்சு. முதல் பாதி அல்லி நிற்பது, மறு பாதி நீலா நிற்பது என்று ஏற்பாடு.

"ஒண்ணு சொல்லணும் சார்" என்று குரலைத் தாழ்த்தினார் டீச்சர். "அல்லியோட அப்பா செல்லையன் கறாரா சொல்லிட்டாரு. டீமுல எடுத்தா மேல படிக்கட்டும், இல்லேன்னா தை மாசம் அத்தை மவனுக்குக் கட்டி வச்சுடுறேன்னு. அந்தப் பொண்ணு அழுவுது சார். அவள மாதிரி பந்து பிடிக்க இங்க ஆளே இல்ல."

"வீட்டுக்கு வீடு வாசப்படி. அதெல்லாம் கேட்டா ஆள் எடுக்க முடியாது. ஆட்டத்தைப் பார்த்துச் சொல்றேன்."

ஐப்பசி மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. அல்லி இறங்கினாள். நேராக வந்த பந்து ஒன்றைக்கூட விடவில்லை. ஆனால் எட்டிப் போன பந்துக்குக் கையை மட்டும் நீட்டினாள். பந்து போய்விட்டது. மறுபடி ஒன்று வந்தது. அதற்கும் விழவில்லை. போதாக்குறைக்கு இடுப்பில் தொளதொளத்த பேண்ட்டை அடிக்கொரு தரம் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா? மேல சேறு பட்டுடக் கூடாதாம் மகாராணிக்கு!"

டீச்சருக்கும் இது புதிராகத்தான் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு நீலா இறங்கினாள். அடேயப்பா! வந்த பந்துக்கெல்லாம் விழுந்தாள், புரண்டாள், பிடித்தாள். அல்லியோ அதற்குள் பாவாடை தாவணிக்கு மாறி, ஓரமாக உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டம் முடியலை, அதுக்குள்ள பேண்ட்டைக் கழட்டிப் போட்டாச்சு. இதுக்குப் படிப்பு ஒண்ணுதான் குறைச்சல்" என்றார் சார்.

ஆட்டம் முடிந்தது. எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"முதல் பேஸ், நீலாயதாட்சி! இவ பேண்ட்டு முட்டியப் பாருங்க, கிழிஞ்சு தொங்குது. இதுதான் ஆட்டம்!" என்றவர் அல்லி பக்கம் திரும்பினார். "உன் பேண்ட்டும் இருந்துச்சே, கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி! விழப் பயந்தவளுக்கு விளையாட்டு எதுக்கு?"

அல்லி தலையைக் குனிந்துகொண்டாள். நீலாதான் பொல பொலவென்று அழுதாள்.

"சந்தோஷத்துல அழுவுறா" என்றார் சார்.

தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் பாண்டிச்சேரிக்கு ட்ரங்க் கால் போட்டுப் பேர்களைச் சொல்லி முடித்தார். சைக்கிளை எடுக்க வந்தவர் குழாயடியில் நின்றுவிட்டார். அல்லி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேறும் சகதியுமான பேண்ட்டைக் கும்மிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, தோத்தது பத்தாதுன்னு ஜெயிச்சவ துணியையும் துவைக்கிறியா?"

அவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

"இது எங்கண்ணன் பேண்ட்டு சார். நாளைக்கு மில்லு வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போவணும்."

"நீலால்ல இதைப் போட்டிருந்தா?"

"நானும் இதைத்தான் சார் போட்டிருந்தேன். அவளுக்கு ஏது பேண்ட்டு? இடைவேளையில மாத்திக்கிட்டோம்."

உத்திராபதி சாரின் மீசை தன்பாட்டில் தொங்கிப்போயிற்று.

"ஏன் புள்ள... சேறுதானே? விழுந்து பிடிச்சிருந்தா அவ அதையே போட்டுக்கிட்டு இறங்கியிருக்க மாட்டாளா?"

"சேத்துக்கு அவ ஒண்ணும் சொல்ல மாட்டா சார்." அல்லி பேண்ட்டை உதறி, முழங்கால் கிழிசலை விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். "இந்த மாதிரி எங்கிட்டயே கிழிஞ்சிருந்தா, நீங்க அவளை உள்ளயே விட்டிருக்க மாட்டீங்களே சார்."